பாகான் டாலாம் பூனை

என் மனைவி இறந்து நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தப் பூனையின் நினைவு வந்தது.

பினாங்குப் பாலம் கட்டி முடியாத காலம் அது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. அவள் தினமும் ஃபெரி ஏறி, அக்கரையில் கம்பெனி பஸ் பிடித்து, பிறையில் இருந்த ரேடியோ தொழிற்சாலைக்குப் போய்வருவாள். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. அவளோ சாயங்காலம் வந்து முகம் கழுவியதுமே ஆரம்பித்துவிடுவாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு 'ம்' கொட்டுவேன்.

கடைசியாக அவள் சொன்னது, பக்கத்து மேசையில் வேலை செய்த, அக்கரையில் பாகான் டாலாம் என்ற ஊர்ப் பெண்ணின் கதை. அப்பா பார்த்த மாப்பிள்ளையை அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை.

"கேளுங்களேன், அவருக்குத் தேத்தண்ணி வேணும்னா பூனையைக் கூப்பிட்டு, 'உங்க அக்காகிட்ட தேத்தண்ணி கலக்கச் சொல்லு'ன்னு சொல்வாராம். அவளும் பூனைகிட்டயே பதில் சொல்றாளாம்!"

"ம்."

"நாளைக்குப் பூனையைப் பக்கத்து வீட்டுல ஒளிச்சு வைக்கப் போறாளாம். அப்பா யார்கிட்ட பேசுவாரு, பாப்போம்."

மறுநாள் மதியம் என் மனைவி வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நினைவு இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு வீடு எனக்குப் பழக்கமில்லாத இடமாகிவிட்டது. முன்பு பாதியில் நின்றுபோகும் பேப்பரை இப்போது கப்பல் வருகைப் பட்டியல் வரை படித்து முடித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் மணி ஏழுதான் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம், தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது: அந்தப் பெண் பூனையை ஒளித்து வைத்திருப்பாளே, அப்பா என்ன செய்தார்? கேட்க வாய் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது. இழவு வீட்டில் வராத அழுகை அன்று வந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்ததும் ஃபெரி ஏறினேன். பிறையில் தொழிற்சாலை வாசலில், லாரிப் புழுதியில் ஒரு மணி நேரம் நின்றேன். ஷிப்ட் முடிந்து நீலச் சட்டைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பாகான் டாலாம் பெண் யாரென்று விசாரித்ததில் ஒருத்தி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும்.

"அண்ணே, நீங்க அக்கா வீட்டுக்காரரா?"

ஆமாம் என்றேன். வந்த காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவள் விழித்தாள்.

"பூனையா? எங்க வீட்டுல பூனையே இல்லைலா, அண்ணே. அப்பா பேசாம இருந்தது நெசம். ரெண்டு வாரம். அப்புறம் அவரே பேசிட்டாரு. அவ்ளோதான்."

சரியம்மா என்று திரும்பப் போனேன். அவளே தொடர்ந்தாள்.

"நீங்க நல்லாப் பாடுவீங்களாமே? ஆபீஸ் மாடிப்படியில பாடிக்கிட்டே எறங்குனீங்களாம், கப்பல்காரங்க நின்னு கை தட்டுனாங்களாம். அக்கா சொல்லிச் சொல்லி நாங்க எல்லாம் சிரிப்போம்."

நான் வாழ்நாளில் பாடியதில்லை. அந்த வாசலில் நின்று, நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். அந்தப் பெண் பயந்துபோனாள்.

திரும்பும் ஃபெரியில் சிரிப்பு போய்விட்டது. எட்டு வருஷமாக அவள் சொன்னதில் எது நடந்தது, எது அவள் சேர்த்தது? 'ம்' மட்டும் கொட்டிய ஒருவனை நிமிர்ந்து பார்க்கவைக்க அவள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்! ஒருமுறையாவது பேப்பரை மடித்து வைத்திருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. ஆபீசில் தட்டச்சுப் பிழையால் வீணான தாள்களின் பின்பக்கத்தில் அந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பூனையை ஒளித்தது வரை சுலபமாக வந்தது. அதற்கு மேல் நானே யோசிக்க வேண்டியிருந்தது. பல ஞாயிறுகள் ஆயின. கடைசியில் அப்பா, தொட்டித் தண்ணீரில் தெரிந்த தன் முகத்திடம் தேத்தண்ணி கேட்பதாக எழுதினேன்.

ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. இன்னொன்று ஞாயிறு பதிப்பில் போட்டது. வீட்டில் காட்ட ஆளில்லை. அதனால் மறுபடியும் பிறைக்குப் போனேன். அந்தப் பெண் பஸ் நிற்கும் இடத்தில் நின்றபடியே படித்து முடித்தாள்.

"நல்லாருக்கு, அண்ணே. ஆனா அக்கா சொன்னா இன்னும் சிரிப்பு வரும்லா."

"தெரியும்மா," என்றேன்.

அதற்குப் பிறகு நிறைய எழுதிவிட்டேன். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன். எழுதியதை ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். எந்த வரியில் அவளுக்குச் சலித்துப்போயிருக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறேன்.