என் மகளுடைய ஆட்டத்துணை

ஆணும் பெண்ணும் இணையாகச் சறுக்கி ஆடும் பனிநடனத்தை ஆட விரும்பும் பெண்பிள்ளைகள் ஜெர்மனியில் நிறையப் பேர். ஆண்பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு பையன் கிடைத்துவிட்டால் அவன் எந்த மூலையில் இருந்தாலும் கூட்டிவந்துவிடுவார்கள். அப்படித்தான் அவன் டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. அவனுக்குப் பதினைந்து.

அவனுடைய ஊர் ஏர்ஃபூர்ட். தாய் மருத்துவத் தாதி, தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர், கண்டிப்பான மனுசி, ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது. மனைவி இஸ்திரி மேசையையும் சேலைப் பெட்டிகளையும் அடுக்கிவைத்திருந்த அறை. பெட்டிகளை நிலவறைக்கு இறக்கினோம். அவன் ஒரு முதுகுப்பையோடும் சறுக்குச் சப்பாத்துகளோடும் வந்து அந்த அறையில் குடியேறினான்.

ஆறு மாதத்துக்குள் புட்டும் சம்பலும் பழகிவிட்டான். அவனோடு நாங்கள் பேசுவது ஜெர்மனில்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் உயிர்தப்பத் தேவையான தமிழை அவன் தானாகவே பிடித்துக்கொண்டான். மனைவி மூன்றாவது தடவை சோறு போட வரும்போது தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "அன்ரி, காணும். ஏலாது" என்பான். மனைவிக்கு அதைக் கேட்கவே இன்னொரு கரண்டி போட வேண்டும்போல் இருக்கும்.

கோயிலில் கதை வராமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தேர்த் திருவிழாவன்று மனைவி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்.

"அண்ணை, பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு. யோசிச்சுத்தானே செய்யிறியள்?"

நான் வாய் திறக்க முன்னம் மனைவி சொன்னாள். "அவையள் விடியப்பறம் ஐஸில நிக்கினம். பிறகு பள்ளிக்கூடம். பின்னேரமும் ஐஸில நிக்கினம். காதலிக்கிறதுக்கு நேரம் எங்க கிடக்கு?"

உண்மையும் அதுதான். பனியில் ஒருவர் இடுப்பில் ஒருவர் கை வைத்து, கண்ணோடு கண் பார்த்துச் சுற்றிவருவார்கள். வீட்டுக்கு வந்தால் குளியலறை யாருக்கு முதலில் என்று சண்டை. உப்புப் போத்தலைக்கூட ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கமாட்டார்கள், மேசையில் வைத்த பிறகுதான் எடுப்பார்கள். நான் வைத்தியசாலைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் காலை வேலை செய்பவன். போகும் வழியில் இரண்டு பேரையும் ஐஸ் மண்டபத்தில் இறக்கிவிடுவேன். பின் கதிரையில் ஒருவர் இந்த யன்னலிலும் மற்றவர் அந்த யன்னலிலும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். இப்போதும் சிலநேரம் கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போது அந்த இரண்டு தலைகளும் இல்லாதது எனக்குப் புதிதாகத் தெரியும்.

விபத்து நடந்தபோது மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. தேசியப் போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவன் முழங்காலை மடித்துச் சறுக்கிக்கொண்டு போக, அவள் அவனுடைய தொடையில் ஏறி நிற்கும் ஒரு கட்டம். எத்தனையோ தடவை செய்ததுதான். அன்றைக்கு அவனுடைய சப்பாத்தின் இரும்பு பனியில் இருந்த ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. இருவரும் விழுந்தார்கள். அவளுடைய இடது கால் அவனுக்குக் கீழே அகப்பட்டுவிட்டது.

நான் வேலை உடுப்போடு வைத்தியசாலைக்கு ஓடினேன். அவசரப் பிரிவின் நடைபாதையில் அவன் உட்கார்ந்திருந்தான். காலில் சறுக்குச் சப்பாத்து அப்படியே இருந்தது, இரும்பின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். அம்புலன்ஸில் அவளோடு தொற்றி ஏறியவனுக்கு வேறு சப்பாத்து எடுக்கத் தோன்றவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவன் காலைப் பார்த்தார்கள். நான் காரில் கிடந்த என் பழைய வேலைச் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவனுக்கு அது சின்னது. குதிக்காலை மிதித்துக்கொண்டு போட்டான்.

"நான்தான் விழுந்தேன், அங்கிள்," என்றான். "அவள் விழவில்லை. நான் விழுந்ததால்தான் அவள் விழுந்தாள்."

"அது ஐஸ், மகன்," என்றேன்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் பிணைத்து வைத்திருக்கும் நாரும் கிழிந்திருந்தது. தகடும் திருகாணியும் வைத்தார்கள். இந்தப் பருவம் முழுவதும் பனியை மறந்துவிட வேண்டும் என்றார் டொக்டர். அடுத்த பருவத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலருகே இருந்து கதைத்தார், சிரிக்கவைத்தார். பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார். பெர்லினில் ஒரு பெண் இணையில்லாமல் நிற்கிறாளாம். நல்ல ஆட்டக்காரி. இளையோர் பிரிவில் ஆட வயது எல்லை இருக்கிறது, பையனுக்கு வருடங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. "கொடுமையாகத்தான் இருக்கிறது," என்றார். "ஆனால் யாராவது சொல்ல வேண்டும்."

மனைவிக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. அவர் போன பிறகு என்னிடம், "கால் இன்னும் வீக்கம் வத்தேல்லை. அதுக்குள்ள மற்றப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போகப் பாக்கினம்" என்றாள். மற்றப் பிள்ளை என்று அவள் சொன்னது அவனைத்தான்.

எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அன்றிரவுச் சாப்பாட்டுக்கு மகள் ஊன்றுகோலோடு வந்து கதிரையில் இருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அவனிடம் ஜெர்மனில் சொன்னாள்.

"போய்ப் பார்."

"நான் காத்திருப்பேன்," என்றான் அவன்.

"எதற்கு? டொக்டருக்கே தெரியாது."

"எனக்கு அவசரமில்லை."

"பொய் சொல்லாதே," என்றாள்.

சனிக்கிழமை பெர்லினில் அந்தப் பெண்ணோடு ஆடிப் பார்ப்பது என்று முடிவானது. அந்த வாரம் ரயில் வேலைநிறுத்தம். அவனுடைய தாய்க்கு வேலைமுறை மாற்ற முடியவில்லை. மகள் என்னிடம் வந்து, "அப்பா, நீங்கள் கொண்டுபோய் விடுங்கோவன்" என்றாள்.

"நானோ?"

"தனியப் போனா அவன் பதறுவான். பதறினா ஆடேலாது."

விடியப்பறம் வெளிக்கிட்டோம். மனைவி ரோல்ஸ் பொரித்துக் கட்டித் தந்தாள். கோபத்தோடுதான் தந்தாள், ஆனால் நிறையத் தந்தாள். ஹனோவரைத் தாண்டினோம். பிறகு, "அங்கிள், உங்களுக்கு என்மேல் கோபமா?" என்று கேட்டான். கோபமில்லை என்றேன். உண்மையில் எனக்கு என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. மகள் படுத்திருக்க, அவளுடைய துணையை இன்னொரு பெண்ணிடம் கொண்டுபோகிறேன். நான் ஓட்டாவிட்டால் அவன் போகாமல் இருந்துவிடக்கூடும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

பெர்லின் மண்டபம் எங்களுடையதைவிடக் குளிர். அந்தப் பெண் என் மகளைவிட உயரம், பொன்னிறத் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். இருவரையும் முதலில் கைகோர்த்துச் சும்மா சுற்றிவரச் சொன்னார்கள். அவன் கையை நீட்டினான். கை கீழே போய் நின்றது. என் மகளுடைய கை இருக்கும் உயரம் அது. அந்தப் பெண் தன் கையை மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கைகளுக்கும் இடையில் ஒரு சாண் வெறுமை. அங்கிருந்த பயிற்சியாளர், "மேலே, மேலே" என்றார். அவன் உயர்த்தினான். அடுத்த வளைவில் கை திரும்பவும் தானாக இறங்கியது.

சில சுற்றுகளில் கை பழகிவிட்டது. பிறகு அவர்கள் வால்ஸ் ஆடினார்கள். அழகாகத்தான் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியதற்குக் குளிரைக் காரணம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் தாய் தேநீர் நிறைத்த சுடுதண்ணீர்ப் போத்தலோடு என் பக்கத்தில் வந்து நின்றார். அவனுக்கு நான் என்ன முறை என்று விளங்காமல் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் அவனுடைய வளர்ப்புத் தந்தையா?" என்று கேட்டார்.

"இல்லை. அவனோடு இதுவரைக்கும் ஆடினவளின் அப்பா."

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு மூடியில் தேநீர் ஊற்றி எனக்குத் தந்தார். அவருடைய மகளின் முந்தைய துணைக்கு முதுகெலும்பில் கோளாறாம். பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டானாம். அதற்குப் பிறகு மகள் மாதக்கணக்காகப் பக்கத்தில் ஒருவன் இருப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு தனியாகப் பயிற்சி செய்தாளாம். "அதைப் பார்க்க ஏலாமல் நான் வெளியே போய் நிற்பேன்," என்றார். நாங்கள் இருவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம்.

திரும்பி வரும்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி ரோல்ஸ் சாப்பிட்டோம். "அவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது," என்றான். நல்ல செய்தியைச் சொல்லும் முகம் இல்லை அது. நான் அவனுடைய தோளில் கை வைத்தேன். அவன் என் மார்பில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் லொறி ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மகள் காலைக் கதிரையில் தூக்கி வைத்தபடி காத்திருந்தாள். அழவில்லை. "முழங்கால் நல்லா மடியுதோ அவளுக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

"ஓம். நல்லா மடியுது."

"அப்ப சரி."

அடுத்த நாள் பின்னேரம் நான் மறுநாள் வேலைக்கான சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றபோது, அவள் பக்கத்து அறையில் தொலைபேசியில் கதைப்பது கேட்டது. பெர்லின் பெண்ணோடு. இலக்கத்தை எப்படி எடுத்தாளோ தெரியாது.

"பயம் வந்தால் அவன் அவசரப்படுவான்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "பாட்டுக்கு முன்னால் ஓடுவான். நீ கத்தாதே, கத்தினால் இன்னும் ஓடுவான். அவனுடைய கைப் பெருவிரலைக் கொஞ்சம் அழுத்து. உடனே நின்று உன்னோடு வருவான்... இல்லை, அவனுக்கு அது தெரியாது. நான் சொல்லவே இல்லை."

நான் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தேன். மூன்று வருடமாக அவர்களைக் கொண்டுபோய் இறக்கியவன் நான். அவர்கள் ஆடியதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அந்த விரலை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அவன் பெர்லினுக்குப் போனபோது மனைவி மிளகாய்த்தூள் கட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்று, "வாறன் அன்ரி" என்று சொன்னான். போகும்போது போறன் என்று சொல்லக்கூடாது என்பதை யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோயிலில் திரும்பவும் கேட்டார்கள், கலியாணம் குழம்பியவர்களிடம் கேட்கும் குரலில். "பிரிஞ்சிட்டினமாமே?" மனைவி, "ஓம்" என்றாள். இந்தமுறை பகிடி விடவில்லை.

மகள் திரும்ப எழும்பினாள். திருகாணியைக் கழற்றினார்கள், பயிற்சி செய்தாள், பனியில் நின்றாள். ஆனால் கணுக்கால் முன்னுக்கு மடிய மறுத்தது. கணுக்கால் மடியாவிட்டால் முழங்கால் ஆழமாக இறங்காது. முழங்கால் இறங்காவிட்டால் பனிநடனம் வெறும் நடை. அப்படியும் டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு பையன் வந்தான், நல்ல பொறுமைசாலி. ஒரு பருவம் ஆடினார்கள். பிறகு அவனுக்கு வெளிநாட்டில் இன்னும் நல்ல துணை கிடைத்தது. அவனும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். அன்றைக்குக் காரில் ஏறியதும் மகள் சொன்னாள், "அப்பா, காணும்."

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை."

"கன நாளா யோசிச்சிட்டன்."

இப்போது வுப்பர்டாலில் கட்டடப் பொறியியல் படிக்கிறாள். குளிர்காலத்தில் சிலநேரம் சிநேகிதிகளோடு பொதுச் சறுக்கலுக்குப் போவாள், அவ்வளவுதான்.

போன வருடம் பெர்லினிலிருந்து அவன் கூப்பிட்டான். அந்தப் பெண்ணுக்கு முழங்கால் நார் அறுந்துவிட்டதாம். அவனுக்கு வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். "நான் போகவில்லை, அங்கிள்," என்றான். "இந்தமுறை காத்திருக்கிறேன்." குரலில் ஒரு பெரிய மனுசத்தனம் இருந்தது. நல்லது மகன் என்றேன். நல்லதுதான். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு என் நெஞ்சில் ஏதோ ஒன்று முள்ளாகக் கிடந்தது. அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறவன் என் பிள்ளைக்காகக் காத்திருக்கவில்லையே.

மனைவியிடம் சொன்னேன். அவள் தொடர்ந்து மரக்கறி வெட்டினாள். வார இறுதியில் மகள் வந்தபோது, மறைக்கக்கூடாது என்று அவளிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"தெரியும். எனக்குத்தான் முதல் எழுதினவன்."

"உனக்கு ஒண்டும் இல்லையோ?"

கொஞ்சம் யோசித்தாள். "எனக்காக நிண்டிருந்தா நான் அவனை மன்னிச்சிருக்க மாட்டன், அப்பா. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில என்ர காலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பான். அவனுக்காண்டி நான் சுகமாக வேண்டி வந்திருக்கும். என்ர கால் அதைக் கேட்டிருக்காது."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"அவள் நில்லெண்டு கேட்டவள். நான் போ எண்டு சொன்னனான்."

சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தயிரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை.