பால் மறக்க வைத்த சனிக்கிழமை

ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையை மழைநாளில் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒரு பகலைக் கழிப்பது பெரிய கலை என்று சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. அதில் கலை ஒன்றும் கிடையாது. வளர்ந்த மனிதன் ஒருவன் தன் மானம், மரியாதை, முழங்கால் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பயலிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் திருப்பித் தரும்வரை தரையில் கிடப்பதுதான் அது. தொண்ணூறுகளின் கடைசியில், பெரம்பலூரில், ஓர் ஐப்பசிச் சனிக்கிழமை நான் அப்படிக் கிடந்தேன். அதனால் சொல்கிறேன்.

என் மனைவிக்குக் குன்னத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். எனக்கு ஆபீஸ் இருந்தது. ஆபீஸில் எனக்கு வேலை இருந்தது என்று சொல்லவில்லை, ஆபீஸ் இருந்தது. பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊரில் சொந்தக்காரர் யாருமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாள், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொள்வார். போய்ப் பார்த்தோம். கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு என்னைக் கேட்டதைவிட அதிகமான கேள்விகளை அந்த அம்மாள் கேட்டார். கடைசியில் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

“பால் மறந்த புள்ளயா இருந்தா கொண்டாங்க. மடி தேடி அழுவுற புள்ளய வச்சிக்கிட்டு நான் என்னாத்த பண்றது? இருக்குற புள்ளைங்களும் சேந்து அழுவும்.”

எங்கள் பயல் பால் மறக்கிற ஜாதியே இல்லை. சோற்றை வாயருகே கொண்டுபோனால் அதைத் தனக்கு இழைத்த அவமானமாக எடுத்துக்கொள்வான். அம்மாவின் மடியைத் தவிர இந்த உலகத்தில் சாப்பாட்டுக்கடை வேறு எதுவும் திறந்திருப்பதாக அவன் ஒத்துக்கொண்டதில்லை.

எதிர் வீட்டு அம்மாளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துபோயிற்று. அவர் நாலு பிள்ளை வளர்த்தவர். அந்த நாலு பேரையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் அவருடைய யோசனைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. “வேப்பங்கொழுந்த அரைச்சுத் தடவும்மா, ஒரே நாள்ல ஓடிருவான்” என்றார். தடவினோம். பயல் ஒரு வாய் வைத்தான், முகத்தைச் சுளித்தான், இன்றைக்குச் சமையல் சரியில்லை, பரவாயில்லை என்கிற பெருந்தன்மையோடு தாயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், மிச்சத்தைக் குடித்து முடித்தான். கறுப்புத் துணியைக் கட்டிப் ‘பூச்சி, பூச்சி’ என்று காட்டச் சொன்னார். பயல் பூச்சியைத் தட்டிக்கொடுத்தான்.

நான் படித்தவன் இல்லையா, நூலகத்திலிருந்து குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எடுத்து வந்தேன். குழந்தையைச் சமமாக நடத்துங்கள், காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், அது புரிந்துகொள்ளும் என்று போட்டிருந்தது. அம்மாவின் வேலை, குடும்ப வரவு செலவு, குன்னம் பஸ் நேரம் எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மூக்கில் விரலை விட்டான். அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு வீட்டில் நல்ல வேலைக்காரி இருந்திருப்பாள்.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே செய்வதென்று முடிவாயிற்று. தாய் கண்ணில் படாமல் இரண்டு நாள் போய்விடுவது. அரியலூரில் அவள் பிறந்த வீடு. சனிக்கிழமை விடிந்ததும், அவன் தூங்கும்போதே பையோடு கிளம்பினாள். வாசலில் நின்று, “அழுதா ரொம்ப அழ வுடாதீங்க” என்றாள்.

“நீ நிம்மதியாப் போயிட்டு வா. ஒரு சின்னப் பயலச் சமாளிக்கத் தெரியாதா எனக்கு?” என்றேன். மனிதர்கள் சொல்கிற முட்டாள்தனமான வாக்கியங்களில் இதற்கு நல்ல இடம் உண்டு. வெளியே ராத்திரியிலிருந்து விடாத மழை.

பயல் எழுந்தான், தேடினான், அழுதான். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அடக்கிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அவனை முன்னறையில் விட்டுவிட்டுப் போய்த் திறந்தால், என் மனைவி சொட்டச் சொட்ட நிற்கிறாள்.

“என்ன இங்க வந்து நிக்கிற?”

“குன்னந் தாண்டி ரோட்டு மேல தண்ணி போவுதுங்க. பஸ்ஸத் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டான். இனிமே எப்ப விடுவாங்கன்னே தெரியலயாம்.”

“எதிர் வூட்ல போய் உக்காரேன்.”

“அங்கயா? புள்ளைக்குப் பால் மறக்கடிக்கத் தெரியலன்னு ஒரு மாசத்துக்குத் தெருவெல்லாம் பேசும். அதுக்கு நான் அடுப்படியிலயே கெடக்குறேன். நீங்க அவன முன்னறையிலயே வச்சுப் பாத்துக்கங்க. திங்கக்கெழம அந்தம்மா சேத்துக்கலன்னா என் வேல போச்சு.”

எங்கள் வீடு என்பது ஒரு முன்னறை, ஓர் அடுப்படி, நடுவில் ஒரு கதவு. அவள் அடுப்படிக்குள் இருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அரியலூர் போயிருக்க வேண்டியவள் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்.

கரண்ட் எப்போதோ போய்விட்டிருந்ததால் டி.வி. இல்லை. ஜன்னலில் தூக்கி வைத்து மழையைக் காட்டினேன். மழையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் ஒருவரிடமும் அந்த நேரத்தில் கைக்குழந்தை இருந்திருக்காது. கொஞ்ச நேரம் பார்த்தான். மழை வேறெதுவும் செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும் கொட்டாவி விட்டு இறங்கிக்கொண்டான். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அடுத்து, ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் கொடுத்த பொம்மையை எடுத்தேன். அவர் லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர். அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த குரங்கு அது, பேட்டரி போட்டால் மேளம் அடிக்கும். “இத வுட்டீங்கன்னா புள்ள அம்மாவையே கேக்க மாட்டான் சார், இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். பொத்தானை அழுத்தினேன். குரங்கு சிவப்புக் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, படபடவென்று அடித்தது. பயல் அலறிக்கொண்டு நேரே அடுப்படிக் கதவுக்கு ஓடினான். கதவைக் குத்தி “ம்மா, ம்மா” என்றான்.

உள்ளே ஒரு தட்டு விழுந்தது.

அழுகை சட்டென்று நின்றது. என்னைப் பார்த்தான். “பூனைடா” என்றேன். அதற்குமேல் நல்ல பொய்யாக எதுவும் தோன்றவில்லை.

எனக்கு நினைவில்லாத ஒன்று, பயலுக்குப் பூனை என்றால் உயிர். கதவின் அடியில் படுத்துக்கொண்டு “மியா?” என்று கூப்பிட்டான். பதில் வராவிட்டால் எழுந்திருப்பதாக இல்லை. திரும்பக் கூப்பிட்டான். உதடு பிதுங்க ஆரம்பித்தது. நான் கதவில் மெதுவாகத் தட்டினேன்.

கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற என் மனைவி, அடுப்படிக்குள்ளிருந்து, “மியாவ்” என்றாள்.

மிக மோசமான மியாவ். நாலு தெருப் பூனைகள் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருக்கும். பயலுக்குப் பரம திருப்தி. அதன்பின் அரைமணி நேரம் தாயும் பிள்ளையும் பூனையாகப் பேசிக்கொண்டார்கள், நான் நடுவில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். அரசாங்கத்தில் எனக்குப் பழக்கமான வேலைதான் அது.

அவன் ஜன்னல் பக்கம் போன நேரத்தில் கதவு ஒரு விரற்கடை திறந்து, ரசஞ்சோற்றுக் கிண்ணம் வெளியே வந்தது. கூடவே குரலும்.

“அழுறானா?”

“இல்ல.”

“என்னயத் தேடுனானா?”

“இப்பத் தேடல. பேசாத, கேட்டுடும்.”

“ஏன் தேடல?”

இது என்ன கேள்வி என்று யோசிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஊட்டிய முதல் வாய் ரசஞ்சோறு போன வழியே திரும்பி என் சட்டையில் இறங்கியது.

முன்னறையில் பாதி இடத்தைச் சின்ன வெங்காயம் அடைத்திருந்தது. மாமனார் வீட்டிலிருந்து வந்த மூட்டை. ஈரத்தில் அழுகிவிடும் என்று சாக்கை விரித்துப் பரப்பி வைத்திருந்தோம். பெரம்பலூர் பக்கத்தில் மழைக்காலத்தில் மனிதர்கள் வெங்காயத்துக்கு இடம்விட்டுத்தான் படுப்பார்கள். பயல் அதற்குள் இறங்கினான். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். சருகு பறந்தது. நான் தடுக்கப்போய்க் குனிந்தேன், அந்தத் தூசி நேராக என் மூக்கில் ஏறியது.

தும்மினேன். அது சாதாரணத் தும்மல் இல்லை. கண்ணாடி கழன்று வெங்காயத்தில் விழுந்தது.

பயல் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான். பிறகு சிரித்தான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, பின்னால் சாய்ந்து விழுந்தே விட்டான். எழுந்து, ஒரு பிடி சருகை அள்ளி என் மூஞ்சியில் போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

நான் புத்தகம் படித்து வளர்த்துக்கொண்ட நகைச்சுவை உணர்வெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அப்பனின் மூக்கிலிருந்து வருவதுதான் வேண்டியிருந்தது. நிஜத் தும்மல் தீர்ந்ததும் பொய்த் தும்மல் தும்மினேன். வித்தியாசம் அவனுக்குத் தெரிந்தது. நடிப்பு குறைந்தால் சருகு கூடியது. ஆனால் சிரிக்கும்போது வாய் அகலத் திறப்பதைக் கவனித்தேன். ஒரு தும்மல், ஒரு வாய்ச் சோறு. சிரிப்பின் நடுவில் என்ன உள்ளே போகிறதென்று பார்க்காமலே விழுங்கினான். இன்னொரு தும்மல், இன்னொரு வாய். கிண்ணம் காலியாயிற்று.

எனக்குக் கர்வம் தாங்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தேன்: “முழுசும் தின்னுட்டான். உன் ஞாபகமே இல்ல.”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அவள் அடுப்படி வாசற்படியில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம் இந்தப் பக்கம்தான் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை.

“உள்ள போ. வேல போயிடும்னு நீதான சொன்ன?” என்றேன்.

“எதுக்கு அப்புடிச் சிரிக்கிறான்?” என்றாள். கேட்டது என்னையா அவனையா என்று தெரியவில்லை. “எங்கிட்ட ஒரு நாளும் இப்புடிச் சிரிச்சதில்ல.”

பயல் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையில் இருந்த சருகை எனக்கே போட்டான். அவ்வளவுதான், அவளுக்குத் தாங்கவில்லை. வெங்காயத்தின் மேலேயே உட்கார்ந்து, “வாடா தங்கம்” என்று மடியைத் தட்டினாள். அதற்குமேல் அவனுக்கு என் மூக்கு எதற்கு? ஒரே தாவு. வயிறு முட்டச் சோறு தின்றவன், பல நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி குடித்தான்.

“திங்கக்கெழம?” என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“திங்கக்கெழம பாத்துக்கலாம்.”

திங்கட்கிழமை மழை விட்டு பஸ் ஓடியது. அந்த அம்மாள் வீட்டு வாசலில் பையனை இறக்கிவிட்டோம். “பால் மறந்துட்டானா?” என்றார். “சுத்தமா மறந்துட்டான்” என்றாள் என் மனைவி, கண் இமைக்காமல். வேலைக்குப் போகிற அவசரம் மனிதர்களை எவ்வளவு தெளிவாகப் பேச வைக்கிறது. நான் அந்த வீட்டுச் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அவள் குன்னத்திலிருந்து வந்ததும் இருவருமாகப் போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அந்த அம்மாள் சாவதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல புள்ளம்மா. பருப்புஞ்சோறு போட்டேன், தானே அள்ளித் தின்னான். ஒரு வாட்டி கூடப் பால் கேக்கல. நல்லாத்தான் மறக்கடிச்சிருக்க.”

வீட்டுக்குள் கால் வைத்ததும், பருப்புஞ்சோற்றை அள்ளித் தின்ற அந்த நல்ல பிள்ளை தாயின் சேலையைப் பிடித்து இழுத்தான். உட்காரக்கூட விடவில்லை. அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“நெசமாவே ஒரு வாட்டி கூடக் கேக்கலயாமா?”

“அப்புடித்தான சொன்னுச்சு அந்தம்மா.”

பயலின் தலையைத் தடவிக்கொண்டே, “பொய் சொல்லுது” என்றாள்.