மாக்ரெட் கேக் அடிக்காத வருஷம்

மாக்ரெட் முப்பது வருஷம் கேக் அடித்தாள். நடுவில் ஒரே ஒரு வருஷம் அடிக்கவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முப்பது வருஷத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்வார்கள். தின்றதெல்லாம் மறந்துபோகும், கிடைக்காமல் போனது மட்டும் நினைவிருக்கும், சனத்தின் குணம் அப்படி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அவள் கொச்சிக்கடையில் பிறந்தவள். தகப்பன் துறைமுகப் பண்டகசாலையில் காவலாளி. பதினாறு வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கி அம்மாளின் வீட்டுக் குசினிக்குச் சமையல் எடுபிடி வேலைக்குப் போனாள். அந்த அம்மாள் கிறிஸ்மஸுக்கு அடிக்கும் நத்தார் கேக்குக்கு அளவு போடும் நேரம் முதுகைத் திருப்பிக்கொள்வாளாம். வேலைக்காரி பார்த்துப் பழகிவிடுவாளோ என்று பயம். மாக்ரெட்டா விடுகிறவள்? சட்டி கழுவும்போது ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டே கறுவா எவ்வளவு, சாதிக்காய் எவ்வளவு, பன்னீர் எத்தனை துளி என்று பிடித்துவிட்டாள். நாலு நத்தார் போனதும், அம்மாளின் கேக்கை அம்மாளைவிட நன்றாக அடிக்கத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பிறகு பஸ்தியானைக் கல்யாணம் முடித்தாள். பஸ்தியான் சரக்குக் கப்பலில் குசினிக்காரர். ஆறு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. ஆனாலும் எப்படியாவது சொல்லிக் கெஞ்சி நத்தாருக்கு வந்துவிடுவார். ஒழுங்கைச் சனம் ரவையும் பட்டரும் முட்டையும் கஜுவும் கொண்டுவந்து கொடுக்க, மாக்ரெட் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிழமை, ஏழு நாளும், அடிப்பாள். பழங்களைச் சின்னச் சின்னதாய் வெட்டிப் பிராண்டியில் ஊறப்போடுவாள். முட்டை மஞ்சளையும் சீனியையும் பெரிய மண்சட்டியில் போட்டு, கை மாற்றாமல் ஒரே பக்கமாகச் சுழற்றி அடிப்பாள். வீட்டில் அடுப்பு போதாது. அதனால் தட்டுகளை ஜாபிர் நானாவின் பேக்கரிக்குக் கொண்டுபோவாள். பாண் சுட்டு முடிந்த அடுப்பில் நானா அவற்றை வைத்து எடுத்துக் கொடுப்பார். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் மூன்று மணிபோலச் சூட்டோடு கடைசித் தட்டுகள் வீட்டுக்கு வரும். துண்டு போட முன்னம் ஓரத்தை வெட்டி நேராக்க வேண்டும். அந்த ஓரத்துக்காகத்தான் பஸ்தியான் பின்வாசலுக்கு வெளியே, தண்ணீர்ப் பைப்படியில், காத்துக்கொண்டு நிற்பார்.

"சூடு ஆறட்டும், வயித்தை வலிக்கும்" என்று அவள் சொல்வாள். அவர் கேட்கமாட்டார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை அவசரமாக வெளியே அனுப்பினார்கள். பஸ்தியானின் கப்பலும் போனது. மறுநாள் காலை ஜப்பான்காரன் வந்து கொழும்பில் குண்டு போட்டான். ஒழுங்கையே காலியானது. மாக்ரெட் மாமியாரைக் கையில் பிடித்துக்கொண்டு களனி ஆற்றைக் கடந்து வத்தளைக்கு நடந்தாள். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்து கப்பல் கந்தோருக்குப் போனபோது, கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தகவல் இல்லை என்றார். செத்தார் என்று சொல்லவில்லை. அதை மாக்ரெட் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது. செத்த வீட்டில் அந்த வருஷம் கேக் அடிக்கமாட்டார்கள். அயல் வீடுகளிலிருந்து தட்டுத் தட்டாய் அந்த வீட்டுக்குப் போகும். வேதக்காரர் வீடென்றாலும் சைவ வீடென்றாலும் இதுதான் முறை. அந்த வருஷம் நவம்பர் பிறந்ததும் சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டு அனுப்பினால் பஸ்தியான் செத்துப்போனார் என்று தாங்களே முடிவு கட்டினதாகும். அனுப்பாவிட்டால் செத்த வீட்டை மதிக்காததாகும். கடைசியில், நத்தாருக்கு ஒரு கிழமை இருக்க, பக்கத்து வீட்டு மயிலம்மாதான் வந்து கேட்டாள். மயிலம்மா யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கத்துச் சைவக்காரி, புருஷன் அரசாங்கக் கச்சேரியில் வேலை.

"மாக்ரெட், குறை நினைக்காதை. இந்த முறை நாங்கள் அனுப்புறதோ, என்ன மாதிரி?"

மாக்ரெட் அப்போதே முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரும் தட்டோட இந்தப் படி ஏறினா, தட்டையும் கேக்கையும் ஒழுங்கையில தூக்கி எறிவன். ரவையைத் தந்திட்டுப் போங்கோ."

மயிலம்மா ரவையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த நத்தாருக்கு முதல் நாள், பின்னேரம் மூன்று மணிக்கு, சுடச்சுடத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு மாக்ரெட் நிமிர்ந்தாள். பைப்படியில் பஸ்தியான் நின்றார். குசினியில் போடும் வெள்ளைச் சட்டை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பட்டப்பகல், வெயில் எறிக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ உடுப்புத் தோய்க்கிற சத்தம் கேட்கிறது. அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷந்தான் வந்தது. ஓரத்தை வெட்டி வாழையிலைத் துண்டில் வைத்துப் பின்வாசல் படியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவர் இல்லை. பைப்படி மட்டும் ஈரம்.

மாமியார் மதலேனம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"ஆர் பிள்ளை வந்தது?"

"உங்கட மகன், மாமி."

கிழவி செபமாலையை எடுத்துக்கொண்டு, "அப்ப அவன்ர ஆத்துமாவுக்குக் கோயிலில ஒரு பூசை வைப்பம்" என்றாள்.

"உயிரோட இருக்கிறவருக்கோ பூசை?"

"உயிரோட இருந்தா முன்வாசலால வந்து எனக்குக் கொஞ்சிப்போட்டெல்லோ போயிருப்பான்."

மாக்ரெட்டிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனின் நினைப்பு வீடு தேடி வரும், எங்கேயோ ஒரு தீவில் கிடந்து அவர் தன்னை நினைக்கிறார், அந்த நினைப்புத்தான் வந்து நிற்கிறது என்றாள். ஆசைப்பட்ட மனுஷிக்குக் காரணமா கிடைக்காது? பூசை என்ற பேச்சை எடுத்தால் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றும் சொன்னாள். மதலேனம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பெற்ற வயிறு. மரித்தவனுக்குப் பூசையும் இல்லை, அழுகையும் இல்லை, என் பிள்ளை கரையேறாமல் நிற்கிறான் என்று அவள் ஒவ்வொரு நாளும் செபமாலையோடு முணுமுணுத்துக்கொண்டே கிடந்தாள். அது மாக்ரெட்டின் காதில் விழாமல் இல்லை.

அடுத்த நத்தாருக்கும் அவர் வந்தார். அதற்கடுத்த நத்தாருக்கும் வந்தார். யுத்தக் காலம், சீனிக்குக் கூப்பன், பட்டருக்குத் தட்டுப்பாடு. அவற்றுக்குப் பதிலாகச் சிலர் நாட்டுச் சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் கொண்டுவந்து தந்தார்கள். அவள் முகம் சுளிக்காமல் அதிலும் அடித்தாள். பிள்ளைகளுக்குக் கடதாசிக் கிண்ணங்களில் குட்டிக் குட்டிக் கேக் சுட்டு, கிடைத்த கொஞ்ச ஐசிங்கில் ஆளுக்கொரு வெள்ளைப் பூ வைத்தாள். வருஷம் முழுக்க அவள் காத்திருந்ததெல்லாம் அந்த மூன்று மணிக்குத்தான். கேக் அடித்தால் அவர் வருவார். அடிக்காவிட்டால் வரமாட்டார் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரனிடம் பிடிபட்டிருந்தவர்கள் எலும்பும் தோலுமாகத் துறைமுகத்தில் இறங்கினார்கள். மாக்ரெட் செப்டெம்பர் முழுக்க, ஒக்டோபர் முழுக்க, ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்றாள். டிசெம்பரில் கப்பல்களும் குறைந்தன. அவள் விடவில்லை. அந்த நத்தாருக்கு ஒழுங்கைக் கேக்குகளோடு வட்டமாக ஒரு கேக் தனியாகச் செய்தாள். கல்யாணக் கேக்குக்குப் போடுவதுபோல் முழுக்க வெள்ளை ஐசிங். எண்ணெய்க் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, விளிம்பு சுற்றி ரோசாப் பூ, நடுவில் சீனியில் செய்த இரண்டு மணி, வெள்ளி முத்து. ஐசிங் போட முன்னம், பேக்கரியில் ஜாபிர் நானா அந்த வட்டத் தட்டைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார்.

"வாறவருக்கு, நானா."

நானா அந்தத் தட்டைத் தானே கையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு பஸ்தியான் பைப்படியில் நின்றார். அதே சட்டை, அதே ஈரம். மாக்ரெட் பின்வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

"சண்டை முடிஞ்சுது. இனி என்ன? உள்ளுக்கு வாங்கோ."

அவர் அசையவில்லை. அவள் கேக்கை வெட்டி, பூ இருந்த துண்டாக எடுத்து, படி இறங்கிப் போய் நீட்டினாள். அவர் கை எழவில்லை. இவ்வளவு கிட்டப் போய் அவள் பார்த்ததே இல்லை. முந்தின மூன்று வருஷமும் வாசலில் நின்றே பார்த்திருக்கிறாள். அவர் முகத்தில் கோபமோ ஆசையோ ஒன்றும் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார். இருக்கச் சொல்லாமல் நிற்க வைத்திருக்கிற மனிதனுக்கு வரும் களைப்பு அது.

"நானோ உங்களைப் பிடிச்சு வச்சிருக்கிறன்?"

பஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டார்.

கேக் துண்டு அவள் கையிலேயே இருந்தது. அவள் திரும்பி வந்து மாமியாரின் கட்டிலடியில் குந்தினாள். கிழவி மருமகளின் தலையில் கையை வைத்தாள். அந்த வெள்ளைக் கேக்கை இரண்டு பேரும் தொடவில்லை. மறுநாள் அது கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் பிச்சைக்காரருக்குப் போனது.

அடுத்த வருஷம் முழுக்க அவள் தனக்குள் போராடினாள். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை அவளுக்கு. அடித்தால் அவர் வந்து அந்த முகத்தோடு நிற்பார். அடிக்காவிட்டால் இனி ஒருநாளும் பார்க்க முடியாது. அந்த முகத்தையாவது பார்க்கலாமே என்றுகூட ஒருநாள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே வெறுப்பு வந்து, குசினிக்குள் தனியாக நின்று வாய்விட்டுத் தன்னைத்தானே ஏசினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி வரும் மரித்தவர்களின் திருநாளுக்கு முன்னம், மாமியாரைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பூசைக்குப் பெயர் எழுதுகிற உபதேசியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனையை எடுத்தார்.

"ஆருக்கு?"

"என்ர அவருக்கு."

"பேர்?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் புருஷனின் பெயரை வாயால் சொன்னதில்லை. கந்தோரில்கூட மாமியாரைக் கொண்டுதான் சொல்வித்தாள். மாமியார் இப்போதும் பக்கத்தில்தான் நின்றாள். வாயும் திறந்தாள். மாக்ரெட் அவளின் கையை அமத்திப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள்.

"பஸ்தியான்."

உபதேசியார் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மதலேனம்மா கோயில் படியில் இருந்துவிட்டாள். எழும்புவதற்கு நேரம் எடுத்தது.

அங்கிருந்து மாக்ரெட் நேரே பேக்கரிக்குப் போனாள்.

"இந்த முறை எத்தின தட்டு தங்கச்சி? இப்பவே செல்லுங்க, அடுப்பு ஒதுக்கோணும்."

"இந்த முறை இல்லை நானா. எங்கட வீட்டில அடிக்கிறதில்லை."

ஜாபிர் நானா மாவுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். "இன்னா லில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் சொல்வதை, மெல்லச் சொன்னார். விஷயம் விளங்கிவிட்டது. அவர் வாய்வழியாகப் பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.

இப்போது ஒழுங்கைக்கு வந்ததே ஒரு சங்கடம். முறைப்படி செத்த வீட்டுக்குக் கேக் அனுப்ப வேண்டும். ஆனால் அந்த ஒழுங்கையில் கேக் அடிக்கத் தெரிந்தது மாக்ரெட் ஒருத்திக்குத்தான். இதுவரை செத்த வீடுகளுக்குப் போன தட்டெல்லாம் அவள் அடித்துக் கொடுத்ததுதான். கடையில் வாங்கி அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னார். வாங்கி அனுப்புவது முறையில்லை, வீட்டுக் கையால் அடித்ததாக இருக்க வேண்டும் என்று மயிலம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகென்ன, டிசெம்பர் மாதம் வீட்டுக்கு வீடு கூத்துத்தான். முட்டையை வெள்ளைக் கருவோடு அடித்தவர்கள், ரவையை வறுக்காமல் போட்டவர்கள், பன்னீரைப் போத்தலோடு கவிழ்த்தவர்கள். ஜாபிர் நானாவின் அடுப்புக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். "யா அல்லாஹ், இது கேக்கா செங்கல்லா?" என்று நானா தலையில் அடித்துக்கொண்டாராம்.

நத்தாருக்கு முதல் நாள் மாக்ரெட்டின் குசினியில் ஒரு மணமும் இல்லை. அவள் பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஒரு பலகையில் இருந்தாள். அடிக்காவிட்டால் வரமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் இருந்தாள். மூன்று மணி அடித்தது. பைப்படியில் வெயில் விழுந்தது. ஒரு காகம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. மூன்றரை ஆயிற்று. நாலு மணி ஆயிற்று. பைப்படி காய்ந்துதான் கிடந்தது. அவர் வரவில்லை.

முன்வாசலில் ஆள் அரவம் கேட்டது. மயிலம்மா முதலில் வந்தாள், கையில் தட்டு, தட்டில் கறுத்துப்போன துண்டுகள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் மூலைவீட்டுக்காரி, பிறகு ஜாபிர் நானாவின் மனைவி ஷபீகா. ஒழுங்கை முழுக்கத் தட்டோடு நின்றது. நடுவில் உப்பிப்போனது, ஓரம் கருகினது, வெட்ட முடியாமல் முழுசாகவே கொண்டுவந்தது. எல்லாருக்கும் மாக்ரெட்டின் முகத்தைப் பார்க்க வெட்கம்.

"எங்களுக்கு வந்த மாதிரிச் செய்தனாங்கள்" என்றாள் மயிலம்மா. "குறை நினைக்காதை."

மாக்ரெட் எழுந்து போய் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அந்த ஒழுங்கை அதுவரை கேட்காத சத்தம். அப்படியே நிலத்தில் விழுந்து, மார்பில் அடித்து, பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள். பெண்கள் தட்டுகளைச் சுவரோரமாக இறக்கி வைத்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூந்தலை அவிழ்த்துவிட்டு அவளைச் சுற்றி இருந்து, கட்டிப்பிடித்து, ஒப்புச் சொல்லி அழத் தொடங்கினார்கள்.

மதலேனம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து மருமகளின் பக்கத்தில் குந்தினாள்.

"அழு பிள்ளை, நல்லா அழு" என்றாள். "என்ர பிள்ளை செத்து நாலரை வருஷம். இண்டைக்குத்தான் அவனுக்கு அழ ஆள் கிடைச்சிருக்கு."