சுவருக்கு அந்தப் பக்கம்

நாட்டில் காஸ் இல்லாமல் போன வருடம், காஸ் அடுப்பை ஒருநாளும் வீட்டுக்குள் ஏற்றாத எங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஹட்டன் டவுனில் ஆட்கள் வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நமக்கென்ன, நம் வீட்டில் விறகு எரிகிறது என்று ஒரு திமிர். அந்தத் திமிர் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. டவுன்காரர்கள் எல்லோரும் விறகுக்கு மாறினார்கள். வேன் பிடித்துக்கொண்டு டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டம் தோட்டமாக வந்து, கேட்ட விலையைக் கொடுத்து விறகை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு வழக்கமாக விறகு போடும் லொறிக்காரன் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் விழுகிற மிலாறுக் குச்சி இருக்கிறதே என்று கேட்பீர்கள். கவ்வாத்து எல்லா மலையிலும் எல்லா வருடமும் நடப்பதில்லை. நடக்கிற மலையில் விழும் மிலாறுக்கு லயமே போட்டி போடும். நான் பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மலைக்குப் போகாதவள் மிலாறுக் கட்டுக்கு நிற்பதை மற்றவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அருவிக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, "என்ன அருமையான குளிர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். எங்களுக்கு அது சுவருக்குள் வந்து தங்கிவிடுகிற சொந்தக்காரன். மழை மாதங்களில் போர்வை ஈரம், தலையணை ஈரம், துவைத்துப் போட்ட துணி வாரக்கணக்கில் ஈரம். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. குளிர் தொடங்கினால் மூச்சிழுப்பும் தொடங்கிவிடும். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்களுக்கு மாதாந்த வேலை மாதிரி ஆகிவிட்டது. அடுப்பு எரியாவிட்டால் குளிரில் இழுக்கும், அடுப்பு எரிந்தால் புகையில் இழுக்கும். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம்.

எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்து லயம். கருங்கல் சுவர், மேலே தகரம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அந்தக் காம்பராவில் எங்கள் அடுப்பு இடது பக்கத்துச் சுவரோடு ஒட்டி இருந்தது. அடுப்புக்குப் பின்னால் கல்லே தெரியாத அளவுக்குக் கரி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் காம்பரா.

சொந்த அக்கா இல்லை. ஐம்பதை எட்டிய, கொழுந்து பறிக்கிற பெண். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் கொழும்பில் கடையில் வேலை. தனி ஆள் என்பதால் காலையில் நாலு சுள்ளியை வைத்துத் தேத்தண்ணி கொதிக்க வைப்பார், இரவில் அதே நாலு சுள்ளியில் ஒரு பிடி அரிசி. பல நாள் அதுவும் இல்லாமல் கடைப் பாண் துண்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். எங்கள் மகள் பாதி நேரம் அவர் மடியில்தான் கிடப்பாள். உப்பு, மிளகாய், தேங்காய்ப் பாதி என்று எங்களுக்குள் போய்வராத பொருள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம் அக்காவுக்கு. என் சமையலை வாயில் வைக்காமலே குறை சொல்லுவார். நானும் சும்மா இருக்க மாட்டேன்.

விறகு கிடைக்காத அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் ஹட்டனிலிருந்து இரண்டு உரப்பை நிறைய மரத்தூளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரம் அரிகிற மில்லில் அவருக்குத் தெரிந்த ஆள் இருந்தான். அங்கே தூளைக் குவித்துக் கொட்டி வைத்திருந்தார்களாம், கேட்டவனுக்கு அள்ளிக் கொடுத்தார்களாம். "மில்லுக் குப்பைய எல்லாம் இங்க கொண்டாந்து கொட்டுறீங்க, நாளைக்கு என்ன, மில்லையே தூக்கிட்டு வரப் போறீங்களா?" என்று நான் கத்தினேன். அவர் ஒரு பழைய பெயின்ட் டின்னை எடுத்து அடியில் ஓட்டை போட்டார். நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றி மரத்தூளைப் போட்டு இடித்தார். போத்தலை மெதுவாக உருவியதும் நடுவில் குழாய் மாதிரி ஒரு துவாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை, பொலபொலவென்று சரிந்தது. மறுபடி இடித்தார். இந்தத் தடவை நின்றது, ஆனால் பற்ற வைத்ததும் காம்பரா முழுக்கப் புகை. லயமே வாசலில் கூடிவிட்டது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்று, "என்னா மாப்புள, பேக்டரியே தொறந்துட்டீங்க போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போனது. எனக்கு அப்போதுதான் பாவமாக இருந்தது.

பிறகு பிடிபட்டுவிட்டது. தூள் லேசாக ஈரப்பதமாக இருக்க வேண்டும், உள்ளங்கையால் முழுப் பலத்தையும் போட்டு அமுக்க வேண்டும். அப்படி அமுக்கினால் ஒரு டின் பொறுமையாக, புகை அதிகம் இல்லாமல், சமையல் முடிந்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும். அதைவிடப் பெரிய வசதி, அதைத் தூக்கி நகர்த்தலாம். வாசல் பக்கம் வைத்துச் சமைத்துவிட்டு, புகை அடங்கியதும் காம்பராவுக்கு நடுவில் கொண்டு வந்து வைப்போம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். சுவர் அடுப்பில் எரித்த விறகின் சூடு பாதி எங்கே போகிறதென்றே தெரியாது. இது அப்படி இல்லை, அத்தனையும் எங்களுக்கே. அந்த மாதம் மகளுக்கு இழுப்பு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நான் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. விறகுச் செலவு அடியோடு நின்றது. சுவர் அடுப்பில் உரலையும் பழைய பாத்திரங்களையும் தூக்கி வைத்தேன்.

ஒருநாள் விடியற்காலை, அக்கா பெரட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். கொழுந்துப் பெண்கள் காலையில் கூடி வேலை வாங்கிக்கொள்ளும் இடத்தைத்தான் பெரட்டு என்போம்.

"என்னா தாயி, இன்னிக்கி அடுப்பு மூட்டலியா?"

"அந்த அடுப்புக்கு இனி லீவுதாங்கக்கா. இப்ப எல்லாம் டின்னு அடுப்புதான். ஒரு விறகுக் குச்சி செலவில்ல" என்றேன்.

"அப்ப நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அதற்குப் பிறகு இன்னொரு தடவை. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். புருஷன் செய்த டின்னைப் பற்றி நான் அடிக்கிற பெருமையைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் வெடுக்கென்றே பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

மழை பிடித்தது. அக்காவுக்குக் கொழுந்து குறைய ஆரம்பித்தது. வயசுப் பெண்களுக்குச் சமமாகப் பறித்துக்கொண்டிருந்தவர், நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோவை எடுக்க முடியாமல் அரைப்பேர் வாங்கினார். அரைப்பேர் என்றால் நாள் முழுக்க நனைந்தும் பாதிச் சம்பளம். கங்காணி மலையில் எல்லோர் முன்னாலும் திட்டினாராம். "வெரலு ஒத்துக்க மாட்டேங்குது தாயி, காலையில கட்ட மாதிரி வெறைச்சுக் கெடக்கு. வெயில் ஏறுனாத்தான் மடங்குது, அதுக்குள்ள பாதி நாளு போயிருது" என்றார். நான் கடையில் தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஒங்களுக்கும் ஒரு டின் அடுப்பு செய்து தரச் சொல்கிறேன் என்றேன். "ஒத்தக் கட்டைக்கு எதுக்கு அதெல்லாம்" என்று தட்டிவிட்டார். தூளை அமுக்குவதற்குக் கையில் பலம் வேண்டும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஒரு நாளைக்கு ஒரு டின்னை நானே அமுக்கிக் கொடுத்திருப்பேன். எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

அரைப்பேர் அடிக்கடி விழுந்தது. ஒருநாள் அக்காவே போய்த் தோட்டத்து வேலையிலிருந்து தன் பேரை வெட்டிவிட்டு வந்தார். கொழும்பில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், மகன் பேசி வைத்திருக்கிறான் என்றார். தோட்டத்தில் பேர் இல்லாதவருக்குக் காம்பராவும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாமான் கட்டுவதற்கு நான் போனேன். கட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. சாமிப் படத்தைக் கழற்றி, பாயைச் சுருட்டி ஓரமாகச் சாத்தியபோதுதான் எங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். மற்றச் சுவரெல்லாம் சுண்ணாம்பு பூத்துப் பாசி பிடித்துக் கிடக்க, அங்கே மட்டும் நெஞ்சு உயரத்தில் இரண்டு இடம் மழமழவென்று எண்ணெய் ஏறி மின்னியது. விரல் விரித்த இரண்டு கை அளவு. நான் என்னையறியாமல் என் கைகளை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கல் ஜில்லென்று இருந்தது.

"அங்கதான் வச்சுக்கிட்டு நிப்பேன்" என்றார் அக்கா, மூட்டையைக் கட்டிக்கொண்டே. "நீ விடிய ரொட்டி சுட அடுப்பு மூட்டுவீல்ல, கொஞ்ச நேரத்துல கல்லு சூடாயிரும். வெரலு மடங்குற வரைக்கும் வச்சிருந்துட்டு, அப்பறம் பெரட்டுக்குப் போவேன். எத்தன வருசமா."

எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "ஏங்கக்கா, ஒரு வார்த்த சொன்னா என்ன? உப்பு கேக்கத் தெரியுது, மொளகா கேக்கத் தெரியுது, இத கேக்கத் தெரியலியா? வாயி இல்லியா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"உப்புன்னா திருப்பித் தரலாம் தாயி. சூட்ட எப்புடித் திருப்பித் தர்றது? நீங்களே வெறகு இல்லாம கெடக்கையில, எனக்காக எரின்னு சொல்ல முடியுமா?" என்றார். பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளைக்கு இழுப்பு நின்னுருச்சு. அதுக்கு மேல என் வெரலு என்னா பெருசு."

டின் அடுப்பு வந்திருக்கவே வேண்டாம் என்று என்னால் இன்றுவரை மனதார நினைக்க முடியவில்லை. மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்தவள் நான். இரண்டும் நடந்திருக்கலாம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். காலையில் மட்டும் நாலு விறகை அந்தச் சுவர் அடுப்பில் வைத்திருந்தால் எங்கள் குடி முழுகிப் போயிருக்காது. அவர் மூன்று தடவை வாசலில் வந்து நின்றதும் கேட்டதுதான். அதைவிட வாய் திறந்து ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்?

கொஞ்ச காலத்தில் மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் சேர்ந்து மில்லை மூட வைத்தன. மறுபடி திறந்தபோது மரத்தூளுக்கும் ஊரெல்லாம் ஆள் வந்துவிட்டது, மில்காரன் அதைப் பையாகக் கட்டி விற்க ஆரம்பித்துவிட்டான். சுற்றிச் சுற்றி நாங்கள் பழையபடி விறகுக்கே வந்து சேர்ந்தோம். மகளும் வளர்ந்துவிட்டாள், புகையை முன்னைப்போல் அல்லாமல் தாங்கிக்கொள்கிறாள். உரலையும் பாத்திரங்களையும் இறக்கிவிட்டுச் சுவர் அடுப்பை மூட்டிய முதல் காலையில், கல் சூடேறும் வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் காம்பராவில் இப்போது இளம் குடும்பம் ஒன்று இருக்கிறது. நல்ல பிள்ளைகள். நாங்கள் அடுப்பை மூட்டத் தொடங்கிய வாரமே அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, ஒங்க அடுப்பு சூட்டுல எங்க பக்கம் சுவரு கொதிக்குது. அங்கதான் டிவி வச்சிருக்கோம், கெட்டுப் போயிரும்னு அவரு பயப்படுறாரு" என்றாள். அவள் வாய் திறந்து கேட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்பை இடித்து வெளிப்பக்கச் சுவரோரம் கட்டிவிட்டார். இப்போது அந்தச் சூடு காட்டுக்குத்தான் போகிறது.

போன மாதம் அக்கா கொழும்பிலிருந்து போனில் பேசினார். மகளைக் கேட்டார், மழையைக் கேட்டார், என் குழம்பில் இப்போதாவது புளி சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "சுவரு அடுப்புத்தான மூட்டுற? எம் பக்கம் இப்ப சூடா இருக்கா?" என்றார்.

"இருக்குங்கக்கா" என்றேன்.

"இங்க குளிருன்ற பேச்சே இல்ல தாயி. விடிய எந்திரிச்சதும் வெரலு பத்தும் நல்லா மடங்குது" என்றார். பிறகு சொன்னார்: "கொழுந்துதான் இல்ல."