மதினி நீட்டிய கேக்

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போவோம். எனக்கு அவர் மதினி. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேக் தட்டோடு வந்து நிற்பார். வருகிற ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே ஒரு துண்டை ஊட்டுவார். பல் முளைக்காத பிள்ளையானாலும் பல் போன பெரியவரானாலும் அதை வாங்காமல் யாரும் உள்ளே போனதில்லை. நானும் இருபத்தாறு வருஷம் வாயைத் திறந்திருக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்குத் திறக்கவில்லை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. முந்தின வருஷம் டிசம்பர் முழுக்க, பண்டிகைதானே, ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கேக், அதிரசம், பிரியாணி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தேன். ஜனவரியில் செருப்பு கடித்த புண் பங்குனி வரை ஆறவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமியாருக்கும் அப்படித்தான் முதலில் விரல் போனது, பிறகு பாதம் போனது. கட்டிலில் கிடந்தவரைக் கடைசி இரண்டு வருஷமும் தூக்கி உட்கார வைத்தது நான்தான். என் காலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அதனால் போன டிசம்பர் பிறந்ததிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். தேனியில் எங்கள் ஜவுளிக்கடையைத் திறப்பதற்கு முன்னால் கம்பம் ரோட்டில் ஆற்றுப் பாலம் வரை போய் வருவேன். அந்த மாதத்தில் சபரிமலைக்கு நடந்து போகிறவர்கள்தான் ரோடு முழுக்க. கறுப்பு வேட்டிக்கும் இருமுடிக்கும் நடுவே சுடிதாரும் ஷூவுமாக நான் ஒருத்தி. ஒரு நாள் ஒரு சாமி என்னிடம், எங்கே வரைக்கும் நடக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். பாலம் வரைக்கும் சாமி என்றேன். பாவம், சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் மேல் இல்லை, என் சொந்தக்காரர்கள் மேல். மாலை போட்டவரிடம் போய், ஒரு துண்டு கறி தின்றால் என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விரதம் என்று சொன்னால் ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. நான் வேண்டாம் என்றால் மட்டும் நாலு பேர் கூடி நியாயம் பேசுவார்கள். பண்டிகை நாளில் என்ன டயட்டு, இத்தனூண்டு துண்டில் என்ன ஏறிவிடப் போகிறது, மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். பக்கத்து வீடுகளுக்கு நாங்கள் பலகாரத் தட்டு கொடுத்து அனுப்பினால், தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு பிடி சீனி போட்டு அனுப்புவார்கள். சர்க்கரைக்காரி வீட்டுக்கு எட்டுத் தட்டில் சீனி வந்து சேரும்.

கிறிஸ்துமஸ் காலையில் மதினி கேக்கை நீட்டினார். வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினார். என் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பினால், உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. போதாக்குறைக்கு, மதினி தன் மகள் கல்யாணப் பட்டுச் சேலையை எங்கள் கடையில் எடுக்காமல் மதுரையில் எடுத்ததைப் பற்றி நான் முணுமுணுத்தது அவர் காதுக்குப் போயிருந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"கோவத்தச் சாப்பாட்டுல காட்டாத" என்றார்.

"கோவம் இல்ல மதினி. அத்தைக்கும் இப்படித்தான ஊட்டுனீக. அவுக கால் என்னாச்சு?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தன் அம்மாவுக்கு அவர் பிரியத்தில்தான் ஊட்டினார் என்பது எனக்குத் தெரியும். சொன்ன விதத்துக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். வேண்டாம் என்றதற்காக வருத்தப்படவில்லை. மதினி தட்டை எனக்குப் பின்னால் நின்றவரிடம் கொண்டுபோனார். நான் மட்டும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து கேழ்வரகு தோசை சுட்டேன். அழுதுகொண்டேதான் தின்றேன். ஆனாலும் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, ஒரு துண்டைத் தின்றுவிட்டு வா என்று கணவர் தினமும் சொன்னார். வருஷக் கடைசி நாளன்று காலையில் பாலத்தோடு திரும்பாமல் பழனிசெட்டிபட்டி வரைக்கும் நடந்து மதினி வீட்டுப் படியேறினேன். வியர்வை சொட்ட நின்றவளை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பசிக்குது மதினி. உங்க வீட்டுல கை நனைக்கத்தான் வந்தேன். ஆனா எனக்கு ஒத்துக்குறதத்தான் திம்பேன்."

மதினி அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். முருங்கைக் கீரைப் பொரியல் இருந்தது. முட்டையை அவிக்க வைத்தார். நான் தட்டு எடுக்க அலமாரியில் கை விட்டேன். மிச்சக் கேக் இருந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை கையில் பட்டது. என் கைப்பையில் இருக்கிற அதே சர்க்கரை மாத்திரை. பாதி தீர்ந்திருந்தது. வீட்டில் அவரையும் அவர் கணவரையும் தவிர யாரும் இல்லை, கணவருக்குச் சர்க்கரை கிடையாது.

மதினி என் கையிலிருந்து அதைப் பிடுங்கவில்லை. மூணு வருஷமாக இருக்கிறதாம். அவர் கணவருக்கே தெரியாதாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லோருக்கும் ஊட்டிவிட்டுக் கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"கேக்கு வெட்டுறவளே திங்கலைன்னா, வர்றவுக என்ன நெனப்பாக?" என்றார்.

மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்தேன். "என்னமும் நெனச்சுட்டுப் போறாக. கால் நம்ம காலு மதினி" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முட்டையை உரித்து, கீரையோடு பிசைந்து, முதல் வாயை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். சாப்பிட்டுவிட்டேன் என்று தலையைத் திருப்பினார். நானும் விடாமல் கையை நீட்டியபடியே நின்றேன். அப்புறம் வாயைத் திறந்தார். மென்றுகொண்டே, உப்புப் பத்தவில்லை என்றார்.