ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கை

வேலைக்கு எங்கே போனாலும் சொந்த ஏணியைத் தோளில் சுமந்தே போவதால் அந்தப் பெயிண்டருக்கு ஏணியண்ணன் என்று பேர் விழுந்தது. சந்தில் திரும்பும்போது முன்பக்கம் ஒரு சைக்கிளையும் பின்பக்கம் ஒரு பெரியவரையும் தட்டிவிட்டு, இரண்டு திசையிலும் மன்னிப்புக் கேட்கும் அடக்கமான மனிதர்.

அவருடைய நிரந்தர வேலை தெருக்கோடிச் சபையின் வெளிச்சுவர். வருடா வருடம் வெளிநாட்டுச் சபையிலிருந்து கடல் கடந்து ஒரு குழு வரும். பாஸ்டரைத் தாங்கிப் பிடிப்பது அதன் நோக்கம். தாங்கிப் பிடித்துவிட்டுப் போனபின் பாஸ்டருக்கு ஒரு வாரம் முதுகுவலி இருக்கும். அவரோடு மனம்விட்டுப் பேச மொழி போதாததால், அந்த அன்பையெல்லாம் சுவரில் காட்டுவார்கள். ஒரு குழு மஞ்சள் அடிக்கும், அடுத்தது நீலம். ஜன்னல் சிறுத்துக்கொண்டே வருகிறது என்பவர்கள் விஷமிகள். கண்ணாடியிலும் தரையிலும் சிந்திய அன்பைச் சுரண்டி எடுப்பது ஏணியண்ணன் பொறுப்பு.

முதலில் வந்த குழு, சபைப் பிள்ளைகளின் கைகளைப் பச்சைப் பெயிண்டில் முக்கிச் சுவரில் பதிக்க வைத்தது. எல்லோரும் கீழே வரிசையாகப் பதித்தார்கள். பாஸ்டரின் மகள், நாலு வயசு, ஏணியண்ணன் தோளில் ஏறி ஜன்னலுக்குப் பக்கத்தில் பதித்தாள். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

அடுத்த குழு விவரம் தெரியாமல் எல்லாக் கைகளின் மேலும் மஞ்சள் அடித்தது. தட்டோடு நின்ற பாஸ்டரம்மா அவர்களுக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தார். மழை ஓய்ந்தபோது கீழ்வரிசைக் கைகள் அடங்கிக் கிடந்தன. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் மஞ்சளைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"வந்துட்டா, பாருங்கண்ணே" என்றார் பாஸ்டரம்மா. பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் தலை வாரிக்கொண்டார்.

வரவழைத்தது ஏணியண்ணன் சட்டைப்பையில் இருந்த மெழுகுவர்த்தித் துண்டு. மெழுகு தேய்த்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாது, மழையில் உரிந்துவிடும். குழு வருவதற்கு முன்தினம் ஜன்னல் துடைக்கும் சாக்கில் ஏறித் தேய்ப்பார். கை வெளியே வந்ததும் சோப்புப் போட்டு மெழுகைக் கழுவிவிடுவார். வருடா வருடம் அவள் வந்தாள்.

போன வருடம், குழு வர இருந்த வாரத்தில், ஏணியண்ணன் ஏணியிலிருந்து விழுந்தார்.

"ஏணிக்கே உங்களப் புடிக்கல, எனக்கு எப்படிப் புடிக்கும்?" என்றார் மனைவி, கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து.

"மழ பெஞ்சா சபைச் சுவரப் போயி பாத்துட்டு வாடி."

"ஏன், சுவரு உங்கள நலம் விசாரிக்க வரலேன்னு கோவமா?"

குழு வெள்ளை அடித்துவிட்டுப் போனது. மழை கூரையில் தட்டியபோதெல்லாம் ஏணியண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தலை வாராத ஒரு முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மழை விட்ட மறுநாள் பாஸ்டர் வந்தார்.

"இந்தக் காலோட எப்படிண்ணே போனீங்க?"

"எங்கங்கய்யா போனேன்? கக்கூசுக்கே கைத்தாங்கல்தான்."

"வெளையாடாதீங்க. மெழுகு விஷயம் எனக்கு மொதல்லேருந்தே தெரியும். உங்களுக்காகத்தான் சபை மேசமேல ஒரு துண்ட வச்சிட்டுப் போவேன். பாப்பா வந்துட்டாண்ணே. அஞ்சு வெரலும்."

ஏணியண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க தேய்க்கலீங்களா?"

"நாலு படி ஏறினா எனக்குத் தலை சுத்தும்."

"பழைய மெழுகு ஒட்டியிருந்திருக்குமோ?"

"ஒவ்வொரு தடவையும் நீங்கதான சோப்புப் போட்டுக் கழுவுறீங்க?"

இருவரும் அவரவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சத்தத்தையே காணோம், ஜெபமா?" என்றது அடுப்படி.

"ஆமா" என்றார்கள் இருவரும். பாஸ்டர் பொய் சொல்லி அந்த வீடு கேட்டது அதுவே முதல் தடவை.

இந்த வருடக் குழு நாளைக்கு வந்து இறங்குகிறது. மேசைமேல் மெழுகுவர்த்தி தயாராக இருந்தது. பாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஏணியண்ணன் கட்டுப் பிரித்த காலை யோசித்து யோசித்து ஊன்றி ஏறினார். வெயிலில் சுவர் கொதித்தது. தொட்டுப் பார்த்தார். பச்சைக் கை மட்டும் சில்லென்று இருந்தது.

"ஐயா, தேய்க்கணுமா? போன தடவ தானா வந்தாளே. உங்களுக்கு விசுவாசம் இல்லையா?"

பாஸ்டர் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இருக்குண்ணே. இருந்தாலும் நல்லா அழுத்தித் தேய்ங்க."