பூங்காவில் ஒரு பைனாகுலர்

சர்க்கரை கூடிவிட்டதால் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா இருந்தது. நடப்பதில் எனக்குப் பிரியமில்லை. ஆனால் அந்த ஐப்பசியில், வேலிச்செடிக்குக் கீழே ஆறுமணிக் குருவி ஒன்று சருகைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அத்தனை வண்ணத்தையும் மேலே போட்டுக்கொண்டு எவ்வளவு ஒளிவாக இருக்கிறது என்று தோன்றியது. அடுத்த வாரமே ஒரு பைனாகுலர் வாங்கிவிட்டேன்.

பைனாகுலரோடு நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணை யாரும் சும்மா விடுவதில்லை. நடக்க வருகிறவர்கள் நான் பார்க்கும் திசையை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். மழை விட்ட கார்த்திகைக் காலைகளில்தான் மொட்டைமாடியில் நின்ற மனிதர் என் கண்ணில் பட்டார். பூங்காவின் மதிலை ஒட்டிய வீடு அவருடையது. நான் வந்ததும் மாடிக்கு வருவார். நான் கிளம்பும்வரை நிற்பார். அவருக்குப் பின்னால் மூன்று பக்கமும் சாக்குப் போட்டு மூடிய கூண்டு ஒன்று இருந்தது. சாக்கு விலகும்போது உள்ளே பச்சையாக ஏதோ அசையும்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போக அது போதுமாயிருந்தது.

தை பிறந்ததும், மதிலோரத்து வாகை மரப் பொந்தில் பச்சைக்கிளி ஜோடி ஒன்று குடியேறியது. பங்குனியில் குஞ்சுகள் தலையை நீட்டத் தொடங்கின. அதற்குள் அந்த மனிதர் பூங்காவுக்குள்ளேயே வர ஆரம்பித்திருந்தார். நான் நின்றால் அவரும் சற்றுத் தள்ளி நின்று செருப்பைச் சரிசெய்வார். ஒருநாள் அவர் வீட்டு மதிலில் நீளமான மூங்கில் ஏணி ஒன்று சாய்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பொந்து காலியாகக் கிடந்தது.

ஏணி வைத்துக் குஞ்சுகளை எடுத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். பைனாகுலரை நேராக அவர் மாடிக்குத் திருப்பினேன். கூண்டருகே ஒரு பெண் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக் கூண்டுக்குள் பார்க்க முயன்றுகொண்டிருந்தபோதே அவர் பூங்காக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்கன என்னத்தம்மா பாக்குதிய?"

"ஒங்க கூண்டத்தான் பாக்கேன்."

"கூண்டயா, எம் பிள்ளையயா?"

"ஒங்க பிள்ளைய நான் எதுக்குப் பாக்கணும்?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதிய. அம்பாசமுத்திரத்துக்காரங்க பொண்ணு பாத்துட்டு, விசாரிச்சுச் சொல்லுதோம்னு போனாங்க. மறுவாரமே நீங்க இங்கன வந்து நிக்கிய. விசாரிக்கணும்னா வீட்டுக்குள்ள வந்து கேக்க வேண்டியதுதான? தூரதிருஷ்டி வச்சா பாக்கது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்றுகிறார் என்றே நினைத்தேன். "மொதல்ல கூண்டக் காட்டுங்க" என்றேன். "வாங்க" என்று விறைப்பாக முன்னே நடந்தார்.

கூண்டில் இருந்தவை கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ். பொந்தில் கிளிக்குஞ்சுகளைக் காணோம் என்று சொல்லி ஏணியைப் பற்றிக் கேட்டேன். கல்யாணம் கூடிவரும் என்ற நம்பிக்கையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கியதாம். புதுச் சுண்ணாம்பு வாசம் மாடியெல்லாம் இருந்தது. அந்தப் பெண் என் பைனாகுலரைக் கேட்டு வாங்கி வாகையின் மறுபக்கத்தைப் பார்த்தாள். "அத்தை, வால் குட்டையா மூணு கிளி இருக்கே, அதுவா?" என்றாள். அதுதான். குஞ்சுகள் பறந்து போய்க் கிளையில் உட்கார்ந்து தாயிடம் இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கிளிக்காகத்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் என் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார், கிளியை ஏற்றுக்கொள்ளவில்லை.

"கிளியப் பாக்கவா இத்தன மாசம்?" என்று பைய கேட்டுவிட்டு, உள்ளே காபி போடச் சொன்னார்.

அதன்பின் பூங்காவில் என்னைக் கண்டால் பக்கத்தில் வந்து நிற்பார். பிள்ளை பி.எட். முடித்திருக்கிறாள், கோபமே வராது, புளிக்குழம்பு நன்றாக வைப்பாள் என்று மரத்தைப் பார்த்தபடி சொல்லுவார். சித்திரை வெயிலில் ஆறுமணிக் குருவி வடக்கே போய்விட்டது. ஆனியில் பாபநாசம் பக்கமிருந்து சாரல் காற்று அடித்தபோது, தூக்கணாங்குருவிகள் பூங்காவுக்கு வந்து கூடு கட்ட ஓலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டு போயின. அந்த வாரம் அம்பாசமுத்திரத்துச் சம்பந்தமே கூடிவந்து, அவர் கல்யாணப் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் ஒங்க வாய்வார்த்ததான்" என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றேன். "சரி சரி, நானும் வெளிய சொல்லல" என்று குரலைத் தாழ்த்தினார்.

ஆவணியில் நடந்த கல்யாணத்துக்குப் போனேன். பந்தி முடிந்து வெற்றிலை எடுத்துக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார்.

"சம்பந்தி ஒங்களப் பத்தியே பேசுதாரு. நாங்க யாரையும் அனுப்பலன்னு சொன்னா நம்பவே மாட்டேங்காரு. நெசமாவே ஒங்கள அனுப்புனது யாரு?"

"யாரும் அனுப்பல. பூங்காவுல பறவை பாப்பேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தன் உறவுக்காரர் ஒருவரிடம் போய்க் காதோரம் ஏதோ சொன்னார். அந்த ஆளும் திரும்பி என்னைப் பார்த்தார்.